எங்க ஊர் ஹைஸ்கூலுக்கு வயசு என்ன? தருமபுரி, கிருஷ்ணகிரி அரசுப் பள்ளிகள் வளர்ந்த கதை: கேள்வி பதில்

பாலக்கோடு பக்கம் ஒரு கிராமத்து அரசு உயர்நிலைப் பள்ளியில் படித்தவன் நான். ஆண்டு விழா மலருக்காகப் பள்ளியின் வரலாற்றை எழுதித் தரச் சொன்னார்கள். ரெண்டு பக்கம்தானே என்று தலையை ஆட்டிவிட்டேன். எட்டு மாதம் ஆனது. விஷயம் வெளியே தெரிந்ததும் பக்கத்து ஊர்ப் பழைய மாணவர்களும் தங்கள் பள்ளியைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை மட்டும் இங்கே தொகுத்திருக்கிறேன். எங்கள் பள்ளியின் பெயரைப் போடவில்லை. இதில் உள்ளதில் பெரும்பகுதி உங்கள் ஊர்ப் பள்ளிக்கும் பொருந்தும்.

பெயர்ப் பலகையில் ஒரு வருஷம் போட்டிருக்கு, பெரியவங்க வேற வருஷம் சொல்றாங்க. எது சரி?

பெரும்பாலும் ரெண்டுமே சரி. நம் பக்கத்துக் கிராமப் பள்ளிகள் ஒரே நாளில் பிறந்தவை இல்லை. முதலில் ஒரே ஒரு வாத்தியாரோடு தொடக்கப் பள்ளி, ஐந்தாவது வரை. அப்புறம் ஆறு, ஏழு, எட்டு சேர்ந்து நடுநிலைப் பள்ளி. பிறகு ஒன்பதும் பத்தும் வந்து உயர்நிலைப் பள்ளி. அதிர்ஷ்டம் இருந்தால் பிளஸ் ஒன், பிளஸ் டூ வந்து மேல்நிலைப் பள்ளி. பலகை எழுத வந்த பெயிண்டரிடம் யார் எந்த வருஷத்தைச் சொன்னார்களோ அது பலகையில் ஏறிவிடும். தலைமை ஆசிரியர் உயர்நிலை ஆன வருஷத்தைச் சொல்வார். ஊர்ப் பெரியவர், தான் சிலேட்டைத் தூக்கிக்கொண்டு போன ஓட்டுக் கட்டடத்தின் வருஷத்தைச் சொல்வார். எல்லா வருஷத்தையும் வரிசையாகப் போட்டுவிடுங்கள். நான் அப்படித்தான் போட்டேன். உடனே நூற்றாண்டு விழா எடுக்கத் துடித்துக்கொண்டிருந்த ஒரு கோஷ்டிக்கு இன்னும் என்மேல் வருத்தம்.

அப்பா டி.சி.யில் சேலம் ஜில்லா, என் டி.சி.யில் தருமபுரி, பையன் டி.சி.யில் கிருஷ்ணகிரி. மூணு பேரும் படிச்சது ஒரே பள்ளி. எப்படி?

பள்ளி நகரவில்லை, மாவட்டம்தான் நகர்ந்தது. தருமபுரி மாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்தது 1965 அக்டோபர் 2 அன்று. அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது 2004 பிப்ரவரி 9 அன்று. 1969 ஜனவரிக்கு முந்தைய சான்றிதழ் என்றால் மாநிலத்தின் பெயரும் மெட்ராஸ் என்றுதான் இருக்கும்.

இது வெறும் சுவாரசியத்துக்காகச் சொல்வதில்லை. பழைய காகிதம் தேடும்போது உதவும். இப்போது கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கும் ஊத்தங்கரைப் பள்ளி ஒன்றின் 1980களின் கடிதப் போக்குவரத்தில் தருமபுரி அலுவலகத்தின் முத்திரை இருக்கும். 1950களின் காகிதம் என்றால் எங்களுக்கும் அவர்களுக்கும் சேலம்தான் தலைமை இடம்.

அதுக்கு முன்னாடி இங்க பள்ளிக்கூடமே இல்லையா?

இருந்தது. திண்ணைப் பள்ளிக்கூடம். கோயில் மண்டபத்திலோ யாராவது வசதியானவர் வீட்டுத் திண்ணையிலோ ஒரு வாத்தியார் உட்கார்ந்திருப்பார். பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவார்கள். வாத்தியாருக்குக் கூலி தானியமாகவே போகும். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் அந்தத் திண்ணையில் ஏறவில்லை, பெண் பிள்ளைகள் அநேகமாக ஏறவே இல்லை. அந்தக் காலத்தைப் பற்றி ஏக்கத்தோடு பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

இதில் நம் ஊருக்கு ஒரு தொடர்பு உண்டு. 1792ல் திப்பு சுல்தானிடமிருந்து, நம் பக்கத்தையும் சேர்த்த பாராமஹால் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்தபோது, நில வரியைச் சீர்செய்ய அலெக்சாண்டர் ரீடோடு வந்தவர் தாமஸ் மன்றோ. ஏழு வருஷம் இந்தப் பக்கம் இருந்தார், தருமபுரியில் தங்கியிருந்தார். பின்னால் அவரே மெட்ராஸ் கவர்னர் ஆனதும், 1822ல் மாகாணத்தில் எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை பிள்ளைகள் என்று கலெக்டர்களிடம் கணக்குக் கேட்டார். 1826ல் அவர் எழுதிய குறிப்பில் மொத்தம் 12,498 பள்ளிகள் என்று வருகிறது. கலெக்டர் இருக்கும் ஊரிலும் தாசில்தார் இருக்கும் ஊரிலும் அரசே பள்ளி வைக்கலாம் என்பது அவர் யோசனை. அடுத்த வருஷமே காலராவில் இறந்துபோனார். திட்டமும் நீண்ட நாள் நிற்கவில்லை.

தாத்தா ‘போர்டு ஸ்கூல்’ என்கிறார். அது என்ன?

ஜில்லா போர்டு நடத்திய பள்ளி. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து ஜில்லா போர்டு, தாலுகா போர்டு என்று உள்ளூர் அமைப்புகள் இருந்தன. ரோடு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாம் அவற்றின் பொறுப்பு. 1958ல் புதிய ஊராட்சிச் சட்டம் வந்து, ஊராட்சி ஒன்றியங்கள் உருவானபோது ஊர்த் தொடக்கப் பள்ளிகள் ஒன்றியத்தின் கைக்குப் போயின. இன்னும் பலகைகளில் ‘ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி’ என்று இருப்பது அதனால்தான். போர்டு உயர்நிலைப் பள்ளிகள் பின்னால் அரசு உயர்நிலைப் பள்ளிகள் ஆயின. ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர் ஆனது 1981ல். அதுவரை சம்பளத்துக்கு அவர்கள் யூனியன் ஆபீஸ் பக்கம் நடந்த நடை தனிக் கதை.

‘சிக்ஸ்த் பாரம்’, ‘பழைய எஸ்.எஸ்.எல்.சி.’ என்கிறார்களே?

ஆறாம் வகுப்புக்கு முதல் பாரம் என்று பெயர். அப்படி எண்ணிக்கொண்டே போனால் பதினோராம் வகுப்பு ஆறாவது பாரம். அதில் எழுதுவது பழைய எஸ்.எஸ்.எல்.சி. அதற்குப் பிறகு கல்லூரியில் ஒரு வருஷம் பி.யூ.சி. என்ற புகுமுக வகுப்பு. 1978-79ல் பிளஸ் ஒன் வந்தது, 1980 மார்ச்சில் முதல் பிளஸ் டூ பொதுத்தேர்வு. அதோடு பதினொன்று உயர்நிலைப் பள்ளியை விட்டுப் போனது. பழைய மாணவர் சந்திப்புக்கு ‘பத்தாவது பேட்ச்’ என்று அழைப்பு அடித்தால், எழுபது வயதுக்காரர்கள் அது தங்களுக்கு இல்லை என்று வராமல் இருந்துவிடுவார்கள். எங்களுக்கு அதுதான் நடந்தது.

நம்ம பக்கம் மட்டும் ஹைஸ்கூல் ஏன் இவ்வளவு லேட்டா வந்தது?

ரொம்ப காலம் ஹைஸ்கூல் என்பது தாலுகா தலைநகரச் சமாச்சாரம். தருமபுரி, கிருஷ்ணகிரி, அரூர், ஓசூர் என்று போனால்தான் உண்டு. ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி இப்போது கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிறது. அவர் குடும்பமே, பையனின் படிப்பு தொடர ஓசூருக்குப் போனது. 1880களின் கதை அது. அதற்கு எழுபது எண்பது வருஷம் கழித்தும் எங்கள் பக்கத்துப் பையன்கள் அதையேதான் செய்தார்கள். உறவுக்காரர் வீட்டுத் திண்ணை, இல்லாவிட்டால் ஹாஸ்டல்.

அப்புறம் பணம். ஹைஸ்கூலில் பிள்ளைக்குக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது, 1960களில்தான் அது படிப்படியாக நீங்கியது. மானாவாரி நிலம், மழை பொய்த்தால் கேழ்வரகுக் களிக்கே தட்டுப்பாடு. அப்படிப்பட்ட வீட்டில் பதிமூன்று வயதுப் பையன் ஆடு மேய்க்கிற ஆள். குடும்பத்தோடு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனால் அங்கே கல் சுமக்கிற ஆள். காமராசர் 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்த காலத்தில் ஊருக்கு ஊர் தொடக்கப் பள்ளி வந்தது உண்மை. அதில் படித்து முடித்த பிள்ளைகளுக்கு அடுத்த படி பல மைல் தூரத்தில் இருந்ததும் உண்மை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு எழுத்தறிவு 80 சதவீதம். தருமபுரி மாவட்டம் 70ஐக்கூடத் தொடவில்லை, மாநிலத்திலேயே கடைசி.

தரம் உயர்வு எப்படி நடக்கும்? யாராவது மந்திரியைப் பார்த்தால் போதுமா?

மந்திரியைப் பார்த்த போட்டோ எல்லா ஊரிலும் ஒன்று இருக்கும். ஆனால் வேலை அதற்கு வெகு முன்பே தொடங்கிவிடும்.

முதல் கேள்வி தூரம். ஐந்து கிலோமீட்டருக்குள் இன்னொரு உயர்நிலைப் பள்ளி இருந்தால் கோப்பு நகராது. அடுத்தது பிள்ளைகள் எண்ணிக்கை. சுற்றியுள்ள ஊர்களில் எட்டாவது முடிப்பவர்கள் எத்தனை பேர் என்று பட்டியல் வேண்டும். மூன்றாவது இடம். நாலாவது, ஊர் கட்ட வேண்டிய பொதுமக்கள் பங்களிப்பு. உயர்நிலைக்கு 1 லட்சம், மேல்நிலைக்கு 2 லட்சம் என்பதுதான் ரொம்ப வருஷம் பேசப்பட்ட கணக்கு. வீட்டுக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி மாதிரி பிரித்து வசூலித்த ஊர்கள் உண்டு. மாரியம்மன் பண்டிகைக்கு வைத்திருந்த பணத்தை எடுத்துக் கட்டிவிட்டு, அந்த வருஷம் கரகாட்டத்தை நிறுத்திய ஊரும் உண்டு என்று கேள்விப்பட்டேன். எங்கள் ஊரில் கரகாட்டம் நிற்கவில்லை, வசூல்தான் இழுத்தது.

இடம் என்பது பணத்தைவிடப் பெரிய தலைவலி. ஊரில் களத்துமேடோ மேய்ச்சல் புறம்போக்கோ இருந்தால் அதைப் பள்ளிக்கு மாற்றித் தரக் கேட்கலாம். இல்லாவிட்டால் யாராவது தானம் தர வேண்டும். பழைய காலத்தில் ‘எடுத்துக்கோங்கப்பா’ என்று வாயால் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள், தானப் பத்திரம் கிடையாது. கொடுத்தவரின் பேரன் காலத்தில் ரோட்டோர நிலத்துக்கு விலை ஏறியதும் அளவுக்கல்லைத் தேடிக்கொண்டு வருவார்கள். எங்கள் விளையாட்டு மைதானத்தின் கிழக்கு மூலை அப்படித்தான் போனது. கபடிக் கோட்டைத் தெற்கு வடக்காக மாற்றிப் போட்டோம். உங்கள் பள்ளியின் பட்டா யார் பேரில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். வரலாறு எழுதுவதைவிட அது அவசரம்.

எல்லாம் சேர்ந்து கோப்பு சி.இ.ஓ. என்கிற முதன்மைக் கல்வி அலுவலர் ஆபீஸ் வழியாகச் சென்னைக்குப் போகும். பட்டியல் வெளியாகி அரசாணை வந்தால்தான் உறுதி. 2009ல் ஆர்.எம்.எஸ்.ஏ. என்ற இடைநிலைக் கல்வித் திட்டம் தொடங்கிய பிறகு நம் பக்கம் நிறைய நடுநிலைப் பள்ளிகள் உயர்ந்தன. மெத்தைக் கட்டடத்தைக் காட்டி ‘அது ஆர்.எம்.எஸ்.ஏ. பில்டிங்’ என்பார்கள் இன்றும்.

ஆணை வந்த வருஷம் பத்தாம் வகுப்பு இருக்காது. முதல் வருஷம் ஒன்பதாவது மட்டும், அடுத்த வருஷம்தான் பத்தாவது. ஆணை ஜூனைத் தாண்டி ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ வந்தால், பிள்ளைகள் ஏற்கெனவே பக்கத்து ஊரில் சேர்ந்திருப்பார்கள். ‘டி.சி. வாங்கிட்டு இங்க வந்து சேருங்க’ என்று ஆசிரியர்கள் வீடு வீடாகப் போவார்கள். கட்டடமும் உடனே வராது. புளியமரத்தடியில் ஒன்பதாவது நடக்கும். காற்றடித்தால் புளியம்பூ நோட்டுமேல் விழும், அதைத் தின்றுகொண்டே அல்ஜீப்ரா கேட்ட தலைமுறை ஒன்று உண்டு.

ஒரே காம்பவுண்டுக்குள் ரெண்டு ஹெச்.எம். ஏன்?

நடுநிலைப் பள்ளி உயர்ந்தால் அது ரெண்டாகப் பிரியும். 1 முதல் 5 வரை தொடக்கப் பள்ளியாகத் தனியே நிற்கும். 6 முதல் மேலே உயர்நிலைப் பள்ளியோடு போகும். அலுவலகம் வேறு, பதிவேடு வேறு, கழிப்பறைச் சாவியும் வேறு. தண்ணீர்த் தொட்டி மட்டும் ஒன்று. மீதியை ஊகித்துக்கொள்ளுங்கள்.

பெண் பிள்ளைகள் எப்போ வர ஆரம்பிச்சாங்க?

ஐந்தாவது வரை முன்பே வந்தார்கள். நின்றது எட்டாவதில். பக்கத்து ஊர் ஹைஸ்கூலுக்கு நாலைந்து கிலோமீட்டர், நடுவில் ஓடை, மாந்தோப்பு, ஆள் நடமாட்டம் இல்லாத தடம். வயசுக்கு வந்த பிள்ளையை அனுப்ப மாட்டார்கள். தாய்மாமன் தயாராக இருப்பார். குழந்தைத் திருமணம் என்றால் தருமபுரி, கிருஷ்ணகிரி பெயர் இன்றும் செய்தியில் வருகிறது.

எட்டாவது படித்த அதே கட்டடத்துக்குப் பக்கத்திலேயே ஒன்பதாவது வந்தபோது வீட்டில் சொல்லும் காரணங்களில் பாதி அடிபட்டுப்போனது. எங்கள் பள்ளியின் பதிவேட்டில் இதைக் கண்ணால் பார்க்கலாம். தரம் உயர்வதற்கு முன் ‘எட்டாம் வகுப்பு முடித்துச் சென்றார்’ என்று பெண்கள் பெயருக்கு நேரே தொடர்ந்து வரும். அதற்குப் பிறகு அந்த வாசகம் அரிதாகிவிடுகிறது. என் அக்கா முந்தைய பக்கத்தில் இருக்கிறாள், அடுத்த வீட்டுச் சித்தி மகள் அடுத்த பக்கத்தில். ரெண்டு பேருக்கும் மூன்று வயதுதான் வித்தியாசம். சித்தி மகள் இப்போது நர்ஸ்.

திட்டங்களும் உதவின. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989ல் வந்த திருமண உதவித் திட்டம், பெண்ணுக்குப் படிப்பு இருந்தால்தான் பணம் என்றது. அதுவே 2022ல் புதுமைப் பெண் திட்டமாக மாறியது. ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய். படிப்பை விட்ட பெண்களுக்குக் கஸ்தூரிபா காந்தி பாலிகா வித்யாலயா என்ற உண்டு உறைவிடப் பள்ளிகள் நம் ரெண்டு மாவட்டங்களிலும் இருக்கின்றன. எனக்கு ஒரே குறை, இலவச சைக்கிள் பிளஸ் ஒன்னில்தான் கொடுக்கிறார்கள். ஒன்பதாவதில் நிற்கிற பிள்ளைக்கு அது எப்படிப் போய்ச் சேரும்?

மதியச் சாப்பாடு?

1956ல் காமராசர் ஆட்சியில் தொடங்கியது தொடக்கப் பள்ளிகளுக்கு. எம்.ஜி.ஆரின் சத்துணவு 1982 ஜூலையில் வந்தது, அதுவும் சின்னப் பிள்ளைகளுக்கே. பதினைந்து வயது வரை நீண்டது 1984ல்தான். அதனால் அதற்கு முன் ஹைஸ்கூல் படித்தவர்கள் தூக்குப்போசியில் களியோ, ஒன்றுமில்லையோ. இப்போது காலை உணவும் உண்டு, ஆனால் ஐந்தாம் வகுப்பு வரைதான். காம்பவுண்டின் இந்தப் பக்கம் பொங்கல் வாசனை, அந்தப் பக்கம் ஆறாம் வகுப்பு.

‘பி.டி.ஏ. வாத்தியார்’ யார்?

பெற்றோர் ஆசிரியர் கழகம் தன் பணத்தில் வைத்துக்கொள்ளும் தற்காலிக ஆசிரியர். கணக்கு வாத்தியார் மாற்றலாகிப் போய் இடம் காலியாக இருந்தால், ஊரில் டிகிரி முடித்துச் சும்மா இருக்கும் ஒருவரைக் கூப்பிடுவார்கள். சம்பளம் சொற்பம், அதுவும் தாமதமாகும். எங்கள் பேட்ச் கணக்கில் பாஸானது அப்படி வந்த ஒரு அண்ணனால்தான். மலரில் நிரந்தர ஆசிரியர் பட்டியல் மட்டும் போட்டு இவர்களை விட்டுவிடாதீர்கள். இவர்கள் பெயர் அலுவலகப் பதிவேட்டில் கிடைக்காது, கழகத்தின் செலவு நோட்டில் தேட வேண்டும்.

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் கதை இதேதானா?

முக்கால்வாசி. அங்கே மொழி கூடுதல் சங்கதி. தெலுங்கு, கன்னடம், உருது வழிப் பள்ளிகள் அங்கே உண்டு. 2006ல் வந்த தமிழ் கற்றல் சட்டம் வகுப்பு வகுப்பாக ஏறி, 2015-16ல் பத்தாம் வகுப்பைத் தொட்டபோது சிறுபான்மை மொழி மாணவர்களின் தேர்வு பெரிய விவாதம் ஆயிற்று, நீதிமன்றம் வரை போனது. மலைப்பகுதி இன்னொரு கதை. சித்தேரி போன்ற இடங்களில் பழங்குடியினர் நலத்துறையின் உண்டு உறைவிடப் பள்ளிகள், அவற்றின் காகிதங்கள் வேறு துறையில் இருக்கும்.

பழைய ஆட்கள் எல்லாருக்கும் மே, ஜூனில் பிறந்த நாள். எப்படி?

அது வாத்தியார் வைத்த பிறந்த நாள். பிள்ளையைக் கூட்டிவந்தவருக்குத் தேதி தெரியாது. ‘பெரிய மழை வந்த வருஷம்’ என்பார். வாத்தியார் பிள்ளையின் வலது கையைத் தலைக்கு மேல் சுற்றி இடது காதைத் தொடச் சொல்வார். தொட்டுவிட்டால் ஐந்து வயது ஆகிவிட்டது. சேர்க்கை ஜூனில், அதிலிருந்து ஐந்து வருஷம் பின்னால் போய் ஒரு தேதியை எழுதிவிடுவார். என் அம்மா கணக்கில் நான் ஆடிப்பெருக்குக்கு மறுநாள் பிறந்தவன், ஊரே ஒகேனக்கல் போயிருந்ததாம், மருத்துவச்சியும் போயிருந்தாளாம். பதிவேட்டுக் கணக்கில் ஜூன் 5. ஆதார், ஓட்டு, பாஸ்போர்ட் எல்லாம் ஜூன் 5தான்.

இந்தச் சேர்க்கைப் பதிவேடுதான் பள்ளியின் மெய்யான வரலாறு. நீளவாக்கில் பெரிய கட்டு, ஓரம் கரையான் அரித்திருக்கும். வரிசை எண், பெயர், தகப்பனார் பெயர், தொழில், சேர்ந்த நாள், விலகிய நாள், காரணம். தொழில் பத்தியை மட்டும் பத்து வருஷத்துக்கு ஒருமுறை எடுத்துப் படியுங்கள். ‘விவசாயம்’, ‘கூலி’ என்றே ஓடிக்கொண்டிருந்தது, ஒரு கட்டத்தில் ‘டிரைவர்’, ‘கம்பெனி’, ‘பெங்களூர்’ என்று மாறும். ஊர் மாறிய கதை வேறு எங்கும் இவ்வளவு சுருக்கமாக இல்லை.

இப்போ பிள்ளைகள் குறையுதே?

குறைகிறது. காலையில் ஊருக்குள் வரும் மஞ்சள் வேன்களை எண்ணினால் தெரியும். அரசுப் பள்ளிகளிலும் 2012-13 முதல் ஆங்கில வழிப் பிரிவு வந்தது. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020ல் வந்தது. அதற்குப் பிறகு சில வீடுகளில் ஆறாவதுக்குத் திரும்பி வருகிறார்கள். கணக்குப் போட்டு வருகிறார்கள் என்று சிலர் குறை சொல்கிறார்கள். வரட்டுமே.

பழைய மாணவர்கள் பணம் தரணும்னா யாரிடம்?

தனி ஆள் கையில் வேண்டாம். பெற்றோர் ஆசிரியர் கழகம், பள்ளி மேலாண்மைக் குழு ரெண்டுக்கும் வங்கிக் கணக்கு உண்டு. 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ வழியாகவும் தரலாம். தருவதற்கு முன் என்ன தேவை என்று கேளுங்கள். எங்களிடம் சுவர்க் கடிகாரம் மட்டும் பதினொன்று சேர்ந்துவிட்டது.

பதிவேட்டைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடலாமா?

தலைமை ஆசிரியரிடம் கேட்டுவிட்டு உங்கள் வரியை மட்டும் எடுங்கள். முழுப் பக்கத்தைப் போடாதீர்கள். அதில் சாதிப் பத்தி இருக்கிறது, யார் எதற்காகப் படிப்பை விட்டார் என்ற பத்தி இருக்கிறது. எங்கள் குரூப்பில் ஒருவர் ஆர்வக் கோளாறில் ஒரு பக்கத்தை அப்படியே போட்டார். ‘நீண்ட நாள் வராததால் நீக்கம்’ என்று எழுதியிருந்த ஒருவர் அன்று இரவே குரூப்பை விட்டு வெளியேறினார். இப்போது நாங்கள் பேர், சேர்ந்த வருஷம் ரெண்டை மட்டும் நோட்டில் கையால் எழுதிக்கொள்கிறோம். 1 முதல் 340 வரை முடிந்திருக்கிறது. சனிக்கிழமை மதியம் வந்தால் ஒரு பேனாவும் கொண்டுவாருங்கள்.